மஞ்சள் தூக்கல்

டியூப் லைட் வெளிச்சத்தில் எந்த நிறத்தையும் நம்பக்கூடாது. உங்கள் மேசைமேல் விரித்திருக்கிற அந்தத் துணி பச்சையா நீலமா என்று கேட்டால், சன்னலோரம் கொண்டுபோய்ப் பார்த்துவிட்டுத்தான் சொல்வேன். ஐம்பத்திரண்டு வருஷமாக அப்படித்தான் சொல்லி வந்திருக்கிறேன். உட்காரச் சொல்லாதீர்கள் இன்ஸ்பெக்டர் அம்மா. நாற்காலிமேல் ஒரு குறையும் இல்லை. கொஞ்ச நாளாகவே என்னால் ஓரிடத்தில் இருக்க முடிவதில்லை. நடந்துகொண்டே சொல்கிறேன், எழுதுகிறவர் எழுதிக்கொள்ளட்டும். நான் நாலாம் வகுப்போடு நின்றவன். காகிதத்தை நம்புகிறவனும் இல்லை. முழுசாக வாசித்துக் காட்டினால்தான் கையெழுத்து.

பேர் குமாரசாமி. வயது எழுபத்தொன்று. பிள்ளையார்பாளையம். நீங்கள் கேட்பது என் மனைவி நீலாம்பாளைப் பற்றி. என் மகள் சுகாசினி எழுதிக் கொடுத்ததை வாசித்துக் காட்டினீர்கள். அதில் 'அம்மாவுக்கு வைத்தியம் பார்க்காமல் விட்டுவிட்டார்' என்று இருக்கிறது. அது சரியில்லை. விட்டுவிட்டேன் என்றால் ஏதோ அசட்டையாக, ஞாபகமில்லாமல் இருந்துவிட்டேன் என்று ஆகும். நான் எதையும் அசட்டையாகச் செய்கிறவன் இல்லை.

என் வேலை என்ன என்று முதலில் தெரியவேண்டும். பெரிய காஞ்சிபுரத்தில் கியாசுதீன் பாயின் பட்டுக்கடை இருக்கிறது. அந்தக் கடைக்காகச் சாயம் போடுகிற ஒவ்வொரு பட்டுநூல் கட்டும் தறிக்குப் போவதற்கு முன்னால் என் வீட்டு மொட்டைமாடிக்கு வரும். மூங்கிலில் தொங்கவிட்டு, காலை எட்டு மணி வெயிலில், மாதிரித் துணியைப் பக்கத்தில் பிடித்துப் பார்ப்பேன். 'சரி' என்றால் தறிக்குப் போகும். 'சிவப்பு தூக்கல்' என்றால் சாயப் பட்டறைக்குத் திரும்பும். மறுபேச்சு கிடையாது. பட்டறைக்காரன் மூன்று நாள் வேலையைத் தலையில் தூக்கிக்கொண்டு போவான், முனகக்கூட மாட்டான். முகூர்த்தத்துக்கு நாள் வைத்துவிட்டுப் புடவைக்குக் காத்திருக்கிற பெண்வீட்டார், படித்தவர்கள், கார் வைத்திருப்பவர்கள், எல்லோரும் என் வாயைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். ஊரில் எனக்கென்று இருந்தது அந்த ஒரு வார்த்தைதான். குடியிருப்பதுகூட வாடகை மாடி.

எங்கள் தொழிலில் இன்னொரு வழக்கம் உண்டு. மாதிரியும் புதுசும் ஒத்துப்போகவில்லை என்றால் தப்பு புதுசின்மேல்தான். மாதிரியை யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். திருத்தவேண்டியது எப்போதும் புதுசைத்தான்.

பாயின் மகள் சித்தாரா சென்னையில் கம்ப்யூட்டரில் படம் செய்கிற கம்பெனியில் இருக்கிறாள். இல்லாத கோட்டையை இருக்கிற மாதிரி சினிமாவில் காட்டுவார்களே, அந்த வேலை. ஒரு பொருள்மேல் வெளிச்சம் பட்டால் எங்கே மின்னும், எங்கே மங்கும், நிழல் எங்கே கருத்து எங்கே வெளிறும் என்று கணக்குப் போட்டு நிறம் ஏற்றுவது அவள் பங்கு. ஷேடிங் என்று பேர். அதை இன்னும் அச்சாகச் செய்வது எப்படி என்றுதான் அவளுக்கு ராத்திரி பகல் யோசனை. இந்தத் தை மாதம் லேப்டாப்போடு வந்து இறங்கினாள். கம்ப்யூட்டரில் ஒரு பொம்பளையைச் செய்து, கடைப் புடவைகளை அவளுக்குக் கட்டி நடக்கவிட்டு, துபாயிலும் சிங்கப்பூரிலும் இருக்கிறவர்களுக்குக் காட்டவேண்டும். சித்திரை முதல் தேதி கடையில் பெரிய திரை வைத்துத் தொடங்குவதாக அப்பனும் மகளும் பேசி வைத்திருந்தார்கள்.

முதல் நாள் ஒரு மயில்கழுத்துப் புடவையைத் திரையில் காட்டினாள். கடையில் ஏழெட்டுப் பேர் சுற்றி நின்றார்கள்.

"எப்படி இருக்குது தாத்தா?"

"வாளி மாதிரி இருக்குது."

"வாளியா?"

"பிளாஸ்டிக் வாளி. அதுதான் இப்படி ஒரே பக்கமா பளபளன்னுக்கினு இருக்கும்."

பாய் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "நாலு மாசமா பொண்ணு இதையே செஞ்சிக்கினு இருக்குதுபா. ஒரே வார்த்தையில வாளின்னுட்டியே குமாரு."

"உன் பொண்ணுன்றதுக்காக பொய் சொல்லணுமா பாய்?"

சித்தாராவுக்குக் கோபம் வரவில்லை. எது தப்பு என்று சொல்லச் சொன்னாள். நான் புடவை ஓரத்திலிருந்து இரண்டு நூலை உருவி அவள் உள்ளங்கையில் வைத்தேன். நெடுக்கே ஓடுகிற பாவு நீலம், குறுக்கே போகிற ஊடை பச்சை. "நீ ரெண்டையும் கரைச்சு ஒரே சாயமா ஊத்தி வெச்சிருக்கே. பாவு ஒரு சாய்வுல மின்னும், ஊடை இன்னொரு சாய்வுல மின்னும். பாவு எழுந்தா ஊடை அடங்கணும். மடிப்பு திரும்பினா ஊடை எழுந்துக்கணும். ரெண்டு மினுக்கு போடு. ஒண்ணு போட்டா வாளிதான்."

பத்து நாள் கழித்துக் காட்டினாள். பாவுக்குத் தனிக் கணக்கு, ஊடைக்குத் தனிக் கணக்கு போட்டிருந்தாள். திரையில் மடிப்பு அசைந்தபோது நீலம் உள்ளே ஓடிப் பச்சை வெளியே வந்தது. ஜரிகைக்குக்கூட நான் சொன்னபடி தகடு மாதிரி வெட்டி வெட்டி மின்னுகிற கணக்கு. அவளோடு கம்பெனியில் வேலை பார்க்கிற ரெஹான் என்கிற பையன் சென்னையிலிருந்து வந்திருந்தான். "போட்டோதானே இது?" என்று கேட்டான். சித்தாரா என் பக்கம் கையைக் காட்டி, "தாத்தா சொன்னா அதான் கணக்கு" என்றாள். எல்லோர் காதிலும் விழுந்தது. அன்றைக்கு வீட்டுக்கு நடந்தே போனேன், ஆட்டோ வேண்டியிருக்கவில்லை.

இங்கே ஒன்று சொல்லியாகவேண்டும். அந்த வாளியைக் கண்டுபிடித்தது என் கண் இல்லை. மினுக்கு எங்கே இருக்கவேண்டும் என்று எனக்கு மனப்பாடம். கண் மூன்று வருஷத்துக்கு முன்னாலேயே கெட்டுவிட்டது. புரை. இருட்டாகவில்லை, மஞ்சள் மட்டும் போய்விட்டது. உலகம் முழுக்க ஒரு கை மஞ்சளைக் கரைத்துவிட்ட மாதிரி ஆகி, அதற்குமேல் தனியாக மஞ்சள் என்று ஒன்று எனக்குத் தெரியாமல் போயிற்று. வெள்ளைக்கும் எலுமிச்சைக்கும் வித்தியாசமில்லை.

அதை முதலில் கண்டவள் நீலாம்பாள். மாடியில் ஒரு நூல்கட்டைச் சந்தனம் என்று நான் சொன்னபோது காபி டம்ளரோடு நின்றிருந்தவள் சிரித்தாள். "இன்னாங்க, எலுமிச்சம்பழத்தைப் போய் சந்தனம்ன்றீங்க." என் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்திவிட்டாள். நல்ல புத்திசாலி. அதற்குப் பிறகு நாங்கள் அதைப் பற்றிப் பேசிக்கொண்டதே இல்லை. காலையில் எனக்கு முன்னால் மாடிக்குப் போவாள், பார்ப்பாள், இறங்கி வந்து அடுப்படியில் நின்றபடி, "மூணாவது கட்டு மஞ்சள் தூக்கல்" என்பாள். நான் மேலே போய் அதையே சொல்வேன். கடையில் யாராவது நிறம் கேட்டால், "நாளைக்குக் காலை வெளிச்சத்துல பார்த்துச் சொல்றேன்" என்று துணியை மடித்து எடுத்துக்கொண்டு வந்துவிடுவேன். எவ்வளவு கருத்தான மனுஷன் என்று பேசிக்கொண்டார்கள்.

ஆபரேஷன் செய்துகொண்டிருக்கலாமே என்று கேட்பீர்கள். செங்கல்பட்டுப் பக்கம் ஒரு முகாமில் பார்த்தேன். ஒருநாள் வேலை, காசு வேண்டாம் என்றார்கள். ஆனால் கண்ணில் கட்டோடு நான் தெருவில் நடந்தால் மறுநாளே ஊர் முழுக்கப் பழைய புடவைகளை வெயிலில் விரிக்கும். மூன்று வருஷமாக நான் 'சரி' என்ற ஒவ்வொன்றையும். டாக்டரும் ரகசியம் காக்கமாட்டான். அதனால் வேண்டாம் என்று வந்துவிட்டேன். எனக்குக் கண் இருந்தது. அடுப்படியில் நின்றுகொண்டிருந்தது.

புடவை சரியானதும் சித்தாரா முகம் சரியில்லை என்றாள். புடவைக்கு உயிர் வந்துவிட்டது, கட்டியிருக்கிறவள் மெழுகாக நிற்கிறாள். சுவருக்கு வண்ணம் பூசுகிற மாதிரி தோலுக்குப் பூச முடியாதாம். வெளிச்சம் தோலுக்குள் இறங்கி, ரத்தத்தைத் தொட்டு, உள்ளேயே கொஞ்சம் அலைந்துவிட்டு வேறிடத்தில் வெளியே வருமாம். வெயிலுக்கு எதிரே காதுமடல் சிவப்பாகத் தெரிவது அதனால்தானாம். எனக்கு அது விளங்கியது. சாயமும் அப்படித்தான், நூலுக்குள் இறங்கினால்தான் சாயம். குமரிப் பெண்ணின் முகத்தை எல்லோரும் செய்கிறார்கள், அறுபது தாண்டிய முகத்தைச் செய்யவேண்டும், அதில்தான் கணக்கின் லட்சணம் தெரியும் என்று சித்தாரா நீலாம்பாளைக் கேட்டாள்.

அவளுக்கு ஒரே சந்தோஷம். புதன்கிழமைதோறும் கடை மாடிக்குப் போவாள். சுற்றிலும் விளக்கு, நடுவில் ஒரு ஸ்டூல். கன்னத்தருகே ஒரு அட்டையைப் பிடித்துக்கொள்ளவேண்டும். அதில் வெள்ளை, சாம்பல், சிவப்பு, நீலம் என்று சின்னச் சின்னக் கட்டங்கள். அட்டையின் நிறம் மாறாது, அதை வைத்து முகத்தின் நிறத்தை அளப்பார்கள்.

"கல்யாணத்துல ரெண்டே போட்டோதான் எடுத்தாங்கமா. ஒண்ணுல நான் கண்ணை மூடிக்கினேன், இன்னொண்ணுல இவரு மூடிக்கினாரு."

"ஆயா, சிரிக்காதீங்க. சுருக்கம் மாறிப்போவுது."

"எங்க போவும்? வந்துடும். அதுக்கு வேற வீடு இருக்குதா?"

முதல் மூன்று புதன் நன்றாகப் போயிற்று. நாலாவது புதன் முடிந்து இரண்டு நாள் கழித்துச் சித்தாரா என்னைக் கூப்பிட்டாள். பாய் இருந்தார், ரெஹான் இருந்தான், சென்னையிலிருந்து இன்னும் ஒருத்தன். திரையில் நீலாம்பாள் முகம். கன்னக்குழி, மூக்குத்தி, நெற்றியில் அம்மைத் தழும்பு, எல்லாம் அப்படியே.

"தாத்தா, ஆயா முகம் மஞ்சளடிக்குது. போன வாரம் இப்படி இல்லை. வெளிச்சம் உள்ளே இறங்குற கணக்குல நான் எங்கேயோ தப்பு பண்ணியிருக்கேன். நீங்க பார்த்துச் சொல்லுங்க."

எனக்கு எந்த மஞ்சளும் தெரியவில்லை. நாளைக்குச் சொல்கிறேன் என்று மடித்து எடுத்துப்போக அது துணியும் இல்லை. நாலு பேர் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வழக்கப்படி யோசித்தேன். முகம்தான் மாதிரி, படம்தான் புதுசு.

"மஞ்சள் தூக்கல்" என்றேன். "இறக்கு."

இறக்கினாள். கணக்கில் ஒரு திருத்தம் எழுதினாள். அதுவரை நான் செய்தது ஒரு மனுஷத் தப்பு. அதற்காக என்னை யாரும் இங்கே கூப்பிட்டிருக்கமாட்டீர்கள்.

அடுத்த புதன்கிழமைக்குப் பிறகும் கூப்பிட்டாள். "இறக்கியும் போவலை தாத்தா. கண்ணுல இருக்கிற வெள்ளைகூட மஞ்சளாக் காட்டுது." நான் கொஞ்சம் யோசிக்கிற மாதிரி நின்றுவிட்டு, "கண்ணுலயும் இறக்கு" என்றேன்.

அன்று வீட்டுக்கு வந்ததும் பெருமையாக நீலாம்பாளிடம் சொன்னேன். அவள் சோற்றைப் பிசைந்துவிட்டு வாயில் வைக்காமல் இருந்தாள். முழங்கையைச் சொறிந்துகொண்டே இருந்தாள்.

"அந்தப் பொண்ணு போட்ட படம் தப்பில்லைங்க."

"இன்னாது?"

"நான் கண்ணாடியில பார்த்துக்கினுதானே இருக்கேன். கண்ணு மஞ்சள் பூத்துப் போச்சு. ஒண்ணுக்குப் போனா டீத்தண்ணி மாதிரி போவுது. உடம்பெல்லாம் அரிப்பு. நாளைக்கு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கினு போங்க."

என் தம்பி காமாலையில்தான் செத்தான். அந்த நோய் என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும். இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

எழுந்து கூடத்துக்கும் வாசலுக்கும் நடந்தேன். அன்று தொடங்கிய நடைதான் இது, இன்னும் நிற்கவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போனால் காமாலை என்பார்கள். பாய் பார்க்க வருவார். சித்தாரா வருவாள். அவள் படிப்பாளிப் பெண், ஒரு நிமிஷத்தில் கணக்கை நேராக்கிவிடுவாள். படம் சரி, தாத்தா தப்பு. ஒருமுறை இல்லை, இரண்டுமுறை. அதுவும் முகத்துக்கு முகம் பார்க்கிற சொந்தப் பெண்டாட்டி விஷயத்தில். பிறகு எந்தப் பட்டறைக்காரன் நூல்கட்டைத் திருப்பி எடுத்துப் போவான்?

"படம் முடியட்டும்" என்றேன். "சித்திரைக்கு எத்தனை நாள் இருக்குது? அஞ்சு வாரம்."

"அஞ்சு வாரமா?" என்றாள். அவ்வளவுதான் கேட்டாள்.

மறுநாள் கடைத்தெருவில் நல்ல கஸ்தூரி மஞ்சளாகப் பார்த்து வாங்கினேன். பொம்பளைகள் பூசிக் குளிக்கிற மஞ்சள்தானே, யாரும் ஏன் என்று கேட்கமாட்டார்கள். வெள்ளி செவ்வாய்க்குப் பூசுகிறவளை தினமும் பூசச் சொன்னேன். முகம், கழுத்து, கை, கால். பேருந்து நிலையத்துக்கு எதிரே ஒரு கறுப்புக் கண்ணாடி வாங்கினேன். அதை அவளுக்கு மாட்டிவிட்டு, அவளுக்குக் கண் ஆபரேஷன் செய்திருக்கிறோம் என்று எதிர்வீட்டுக் கலாவதியிடம் சொன்னேன். கலாவதி, "பெரியம்மா, சினிமாக்காரி மாதிரி இருக்கீங்க" என்று தெருவிலிருந்து சத்தம் போட்டாள். நீலாம்பாள் சன்னலில் நின்று கையை மட்டும் ஆட்டினாள்.

கீழாநெல்லி அரைத்துக் கொடுத்திருக்கலாம், அதையும் நினைத்துப் பார்த்தேன். அம்மியில் பச்சிலை அரைக்கிற வாசனை தெருவுக்கே தெரிந்துவிடும், எதற்கு என்றும் தெரிந்துவிடும். கொடுக்கவில்லை. சுவரில் இருந்த கண்ணாடியைக் கழற்றிப் பரண்மேல் வைத்தேன். பார்த்துப் பார்த்து மனசை வருத்திக்கொள்ளவேண்டாம் என்றுதான்.

சுகாசினி அரக்கோணத்தில் இருக்கிறாள். வீடியோவில் கூப்பிட்டாள். "அம்மா ஏம்பா இப்படி மஞ்சளா இருக்குது?" என்றாள். மஞ்சள் பூசியிருக்கிறாள் என்றேன். "அது இல்லப்பா, உதடுகூட ஒருமாதிரி இருக்குது" என்றாள். போன் வெளிச்சத்தில் நிறம் பார்க்கக்கூடாது என்று சொன்னேன். என் மகள் என் வார்த்தையை மீறினவள் இல்லை. சரிப்பா என்றாள்.

அடுத்த புதன் சித்தாரா வீட்டுக்கே படமெடுக்க வந்தபோது ஆயா பூசியிருப்பதைப் பார்த்து ஏமாந்துபோனாள். "மஞ்சளுக்கு மேல எடுக்க முடியாதே ஆயா. பரவாயில்லை, இருக்கிறதை வெச்சு முடிச்சுக்கறேன். தாத்தாதான் திருத்தம் சொல்லிட்டாரே." நீலாம்பாள் கறுப்புக் கண்ணாடி வழியாக என்னையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். நாற்பத்து நாலு வருஷம் என்னோடு வாழ்ந்தவள்.

பங்குனி பிறந்த பிறகு காய்ச்சல் வந்தது. குளிரில் கட்டில் ஆடும். இரண்டு நாள் ஆடும், ஒருநாள் அடங்கும். அடங்கியிருந்த ஒருநாள் மத்தியானம் சொன்னாள்.

"உங்களுக்கு வாய் வரலைன்னா நான் சொல்றேன். சித்தாரா நல்ல பொண்ணு, யார்கிட்டயும் சொல்லாது. உங்க கண்ணு போய் மூணு வருஷம் ஆச்சுன்னு சொல்லிட்டு, அது வண்டியிலயே ஆஸ்பத்திரிக்குப் போறேன்."

"எனக்கு அப்புறம் இந்த ஊர்ல இன்னா வேலை?"

"எனக்கு அப்புறம் உங்களுக்கு யாரு நிறம் பார்த்துச் சொல்வாங்க? அதை யோசிச்சீங்களா?"

யோசித்திருந்தேன். அதற்குள் ஒரு வழியும் வைத்திருந்தேன். புது நூலெல்லாம் என் கைக்கு வருவதற்கு முன்னால் சித்தாராவின் அட்டையை வைத்து அளந்து, எண் போட்டு வந்துவிடும்படி பாயிடம் பேசியிருந்தேன். எண்ணைக் கேட்டு வைத்துக்கொண்டு சரி என்றோ தூக்கல் என்றோ சொல்லிவிட்டால் போயிற்று. கம்ப்யூட்டர் அந்த அளவுக்கு நம்பகமான சாமான்தான். அதை நான் நீலாம்பாளிடம் சொல்லவில்லை. சொன்னால் வருத்தப்படுவாள்.

அன்றிலிருந்து அவள் செல்போன் என் சட்டைப்பையில் இருந்தது. மாடிப்படிக் கதவின் சாவி என் இடுப்பில் இருந்தது. கையை ஓங்கினதில்லை, ஒரு கடுஞ்சொல் சொன்னதில்லை. கஞ்சி வைத்துக் கொடுத்தேன். அரிப்புக்குத் தேங்காயெண்ணெய் தடவினேன். நினைவு தப்பிக் கிடந்த நாட்களில் நானே மஞ்சளை இழைத்து நானே பூசிவிட்டேன். எவ்வளவு பூசவேண்டும் என்று எனக்குத் தெரியாது, என் கண்ணுக்கு அதுவும் தெரியாதே. கொஞ்சம் அதிகமாகத்தான் பூசியிருப்பேன்.

பங்குனி இருபத்திரண்டாம் தேதி மூச்சு வேறுமாதிரி இழுத்தது. ஆட்டோ கொண்டுவந்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனேன். வைத்தியம் பார்க்கவில்லை என்று சுகாசினி எழுதியிருப்பது அதனாலும் தப்பு. அங்கே ஒரு சின்னப்பெண் டாக்டர் ஈரப்பஞ்சால் கன்னத்தைத் துடைத்தாள். பஞ்சு மாற்றித் துடைத்தாள். மூன்றாவது பஞ்சில் ஒன்றும் வரவில்லை. பஞ்சு வெள்ளையாக இருக்கிறது என்று நர்ஸ் சொன்னாள். டாக்டர் கன்னத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எத்தனை நாளா இப்படி இருக்காங்க?"

"நேத்துலேர்ந்துதான்மா."

பித்தப்பையிலிருந்து நழுவின ஒரு கல், துவரம்பருப்பு அளவு, குழாயை அடைத்துக்கொண்டதாம். நோய் கண்ட புதிதிலேயே கூட்டி வந்திருந்தால் வாய்வழியாகக் குழாய் விட்டு ஒரே நாளில் எடுத்திருக்கலாமாம். ஒரு டாக்டர் சொல்வதை எவ்வளவு நம்புவது என்று எனக்குத் தெரியவில்லை. நாலாம் நாள் போய்விட்டாள்.

படத்தை நிறுத்திவிடலாம் என்று பாய் சொன்னார். வேண்டாம், சித்திரை ஒன்றாம் தேதியே ஓடட்டும் என்று நான்தான் சொன்னேன். ஓடியது. பெரிய திரையில் நீலாம்பாள் மயில்கழுத்துப் புடவை கட்டிக்கொண்டு திரும்பினாள். புடவையில் இரண்டு மினுக்கும் சரியாக ஓடின. காதுமடல் லேசாகச் சிவந்திருந்தது. கலாவதி வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு அழுதாள். புடவை வாங்க வந்தவர்கள் பொம்மை என்று சொன்னால் நம்பவில்லை. நான் தினமும் கடை திறக்கும்போது போய்க் கடை மூடும்வரை அதன் எதிரே நடந்துகொண்டிருந்தேன். வேறெங்கும் என்னால் நிற்க முடியவில்லை.

வைகாசியில் சித்தாரா அதை இன்னும் திருத்துவதற்காகப் பழைய போட்டோக்களை எடுத்து வரிசையாகப் போட்டுப் பார்த்திருக்கிறாள். அந்தத் திருத்தம் எதற்குத் தேவைப்பட்டது என்று அவளுக்குக் குடைந்துகொண்டே இருந்ததாம். ஒருநாள் காலை என் வீட்டுக்கு வந்தாள். உட்காரவில்லை.

"அட்டையில இருக்கிற வெள்ளை எந்த வாரமும் மாறலை தாத்தா. ஆயா கண்ணுல இருக்கிற வெள்ளைதான் வாரா வாரம் மாறியிருக்குது. என் கணக்கு முதல்லேர்ந்தே சரியாத்தான் இருந்துது. அட்டையைப் பார்க்காம உங்களைப் பார்த்துட்டேன். நான்தான் மஞ்சளை அழிச்சேன். நான் அழிக்காம இருந்திருந்தா ஆயா இருந்திருக்கும்."

அழுதாள். தப்பு தன்மேல் என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். நான் மறுக்கவில்லை, தண்ணீர் கொடுத்தேன். பாதி குடித்துவிட்டு, என்ன நினைத்தாளோ, கையிலிருந்த இரண்டு துண்டுத் துணியை நீட்டினாள். "இதுல எலுமிச்சை எது தாத்தா?" நான் கையில் வாங்கவில்லை. நாளைக்குக் காலை வெளிச்சத்தில் சொல்கிறேன் என்றேன். அப்போது மணி காலை எட்டரை. வெயில் அவள் முகத்திலேயே அடித்துக்கொண்டிருந்தது. துணியை மடித்துக்கொண்டு இறங்கிப் போனாள். அங்கிருந்து அரக்கோணம், அரக்கோணத்திலிருந்து சுகாசினியோடு இங்கே.

எல்லாம் சொல்லிவிட்டேன். காமாலை என்று எனக்குத் தெரியும். சாகும் நோய் என்று தெரியும். கதவைப் பூட்டினது நான். மஞ்சள் பூசினது நான். அவள் இருந்தால் என் கண்ணைப் பற்றி வாய் திறந்துவிடுவாள் என்பதும் அந்தக் கணக்கில் இருந்தது. அதை இல்லை என்று சொல்ல நான் இவ்வளவு தூரம் நடந்து வரவில்லை. ஆனால் சித்தாரா சொல்லியிருக்கிறாளே, தாத்தா நிறம் தப்பாகச் சொல்லிவிட்டார் என்று, அந்த ஒரு வரியை அடித்துவிடுங்கள். கடையில் படத்தை எடுத்துவிட்டார்கள், சித்தாராவிடம் இருக்கும். வாங்கிப் போட்டுப் பாருங்கள் அம்மா. நான் இறக்கச் சொன்ன பிறகு அதில் நீலாம்பாள் எப்படி இருக்கிறாள், நோயில்லாமல், வெள்ளை வெளேர் என்று கண்ணோடு. அவள் முகத்தில் துளி மஞ்சள் இருக்கிறது என்று உங்களில் யாராவது ஒருத்தர் சொல்லிவிடுங்கள், நான் அவளைக் கொன்றதாகவே கையெழுத்துப் போடுகிறேன்.